சிங்கப்பூர் – நியூயார்க்: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடுவில் எங்கும் இறங்காமல் போகும் பயணிகள் விமானச் சேவைகளில் இன்று மிக நீளமானது சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க் ஜே.எஃப்.கே. விமான நிலையத்துக்கும் இடையே நடப்பதுதான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நடத்துகிறது. போகும்போது எஸ்.க்யூ. 24, திரும்பும்போது எஸ்.க்யூ. 23. இந்தத் தடத்தைப் பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகள் இங்கே. இதைப் புரிந்துகொண்டால் வேறு எந்த இரண்டு ஊர்களுக்கு இடையிலான தூரத்தையும் நேரத்தையும் நீங்களே மதிப்பிட்டுக்கொள்ளலாம்.

இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே தூரம் எவ்வளவு?

சுமார் 15,350 கிலோமீட்டர். மைலில் சொன்னால் ஏறக்குறைய 9,540. விமானிகளும் விமானக் கட்டுப்பாட்டாளர்களும் பயன்படுத்தும் கடல் மைலில் 8,290 அளவில் வரும். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர்.

இது பூமியின் மேற்பரப்பை ஒட்டி அளந்த மிகக் குறுகிய தூரம். விமானம் உண்மையில் பறக்கும் தூரம் இதைவிட அதிகம். அது ஏன் என்பதுதான் இந்தப் பக்கத்தின் பாதி விஷயம்.

ஒரு இணையதளத்தில் 15,340 என்கிறார்கள், இன்னொன்றில் 15,349 என்கிறார்கள். எது சரி?

இரண்டுமே கணக்குப்படி சரிதான். பூமியைச் சரியான உருண்டையாக எடுத்துக்கொண்டு, ஆரம் 6,371 கிலோமீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால் 15,340 பக்கம் வரும். ஆனால் பூமி சரியான உருண்டை இல்லை. நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. அந்தத் தட்டையான வடிவத்தையும் கணக்கில் சேர்த்தால் 15,350ஐ ஒட்டி வரும். பத்து கிலோமீட்டர் வித்தியாசம் என்பது விமானத்துக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

பெரிய வித்தியாசம் தெரிந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். 16,500 என்று ஒரு தளம் சொன்னால், பெரும்பாலும் அது விமானம் ஏதோ ஒரு நாள் பறந்த பாதையின் நீளமாக இருக்கும். அல்லது வழியில் ஃபிராங்ஃபர்ட்டில் நின்று போகும் சேவையின் மொத்தத் தூரமாக இருக்கும். அதுவும் கிட்டத்தட்ட அதே அளவுதான் வருகிறது.

நியூவார்க் விமான நிலையத்துக்கும் விமானம் போகிறதே? அது நெருக்கமா?

நியூவார்க் நியூ ஜெர்சியில் இருக்கிறது. ஜே.எஃப்.கே.யிலிருந்து நேர்க்கோட்டில் 33 கிலோமீட்டர் தள்ளி. சிங்கப்பூரிலிருந்து பார்த்தால் நியூவார்க் நான்கைந்து கிலோமீட்டர் மட்டுமே கிட்டே. அந்தச் சிறு வித்தியாசத்தில்தான் "உலகின் மிக நீளமான பயணம்" என்ற பெயர் ஜே.எஃப்.கே.க்குப் போனது.

எடிசன், ஜெர்சி சிட்டி பக்கம் உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் நியூவார்க்கில் இறங்குவதே நல்லது. பதினெட்டு மணி நேரம் பறந்து வந்தபின், ஜே.எஃப்.கே. இருக்கும் குயீன்ஸ் பகுதியிலிருந்து நகரத்தைக் கடந்து நியூ ஜெர்சிக்குப் போகிற அலைச்சல் தேவையில்லை.

வரைபடத்தில் கோடு போட்டால் பசிபிக் வழியாகப் போகிறது. ஆனால் மிகக் குறுகிய வழி வட துருவம் என்கிறார்களே?

ஆமாம், அதுதான் உண்மை. சுவரில் மாட்டும் தட்டையான வரைபடம் துருவப் பகுதிகளை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுவதால் வரும் குழப்பம் இது. வீட்டில் ஒரு பூகோள உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையைச் சிங்கப்பூரிலும் மறுமுனையை நியூயார்க்கிலும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் தானாகவே நழுவி வடக்கே ஏறும், ஏறக்குறைய உச்சிக்கே போகும். உருண்டையின் மேல் இரண்டு இடங்களை இணைக்கும் இந்தக் குறுகிய வழிக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர்.

சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104இல் இருக்கிறது. நியூயார்க் மேற்குத் தீர்க்கரேகை 74இல். இரண்டையும் கூட்டினால் 178. அதாவது பூமியின் கிட்டத்தட்ட நேர் எதிர்ப் பக்கங்கள். 180 பாகை வித்தியாசம் இருந்திருந்தால் குறுகிய பாதை துருவத்தின் மேலேயே போயிருக்கும். இரண்டு பாகை குறைவதால், துருவத்திலிருந்து 280 கிலோமீட்டர் அளவு விலகிப் போகிறது.

இந்தக் கோட்டின் மேல் என்னென்ன ஊர்கள் வருகின்றன என்று பார்ப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். சாங்கியிலிருந்து கிளம்பினால் திசை கிட்டத்தட்ட நேர் வடக்கு, மேற்கே இரண்டரை பாகை மட்டும் சாய்வு. தாய்லாந்து வளைகுடா, இந்தோசீனம், அப்புறம் சீனாவின் செங்டு நகரத்துக்குச் சற்று மேற்கே. அங்கிருந்து மங்கோலியா, சைபீரியாவின் இர்குட்ஸ்க் நகரத்துக்குச் சற்று மேற்கே, பிறகு ஆர்க்டிக் பனிக்கடல். துருவத்தைத் தாண்டியதும் "வடக்கு" முடிந்து நேர் தெற்கு தொடங்குகிறது. கனடாவின் பாஃபின் தீவு, கியூபெக், கடைசியில் நியூயார்க்.

அப்படியானால் விமானம் துருவத்தின் மேலே பறக்குமா?

பெரும்பாலும் இல்லை. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போகும் விமானம் வழக்கமாகத் தென்சீனக் கடல், ஜப்பான் பக்கம், வட பசிபிக், அலாஸ்கா அல்லது கனடா என்று கிழக்கே வளைந்து போகிறது. பறக்கும் தூரம் 16,000 கிலோமீட்டரைத் தாண்டும். இதற்கு மூன்று காரணங்கள் உண்டு: காற்று, நாடுகளின் வான்பரப்பு, பாதுகாப்பு. மூன்றில் மிக முக்கியமானது காற்று.

சுற்றிப் போவதால் நேரம் வீணாகாதா?

வீணாகாது, மிச்சமாகும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இந்தத் தடத்தில் ஓடும் ஏர்பஸ் ஏ350 விமானம் அசையாத காற்றில் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். குறுகிய பாதையில் 15,350 கிலோமீட்டர் போகிறது, வழி முழுக்கச் சராசரியாக மணிக்கு 50 கிலோமீட்டர் எதிர்க்காற்று என்று வைத்துக்கொள்வோம். தரையைப் பொறுத்த வேகம் 850 ஆகிவிடும். பயணம் 18 மணி 4 நிமிடம். இப்போது 16,500 கிலோமீட்டர் நீளமான வளைந்த பாதை, ஆனால் சராசரியாக 50 கிலோமீட்டர் பின்காற்று. தரைவேகம் 950. பயணம் 17 மணி 22 நிமிடம். ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்தும் முக்கால் மணி நேரம் முன்னால் போய்ச் சேர்ந்துவிடுகிறது. எரிபொருளும் குறைகிறது.

எனவே விமானப் பயணத்தில் தூரம் வேறு, நேரம் வேறு. தூரம் பூமியின் வடிவத்தைப் பொறுத்தது, அது மாறாது. நேரம் அன்றைய வானத்தைப் பொறுத்தது, தினம் மாறும். இணையத்தில் கிலோமீட்டரைப் போட்டு வேகத்தால் வகுத்து "பறக்கும் நேரம் 17 மணி 3 நிமிடம்" என்று நிமிடக் கணக்கில் சொல்லும் பக்கங்களை நம்பாதீர்கள். அந்த மூன்று நிமிடத்துக்கு எந்தப் பொருளும் இல்லை.

அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது?

தரையிலிருந்து சுமார் 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வலுவான காற்றோட்டங்கள் இருக்கின்றன. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். வெப்பமண்டலக் காற்றும் குளிர்மண்டலக் காற்றும் சந்திக்கும் எல்லையில், வெப்பநிலை வித்தியாசத்தால் உருவாகிறது. குளிர்காலத்தில் வித்தியாசம் அதிகம், ஆகவே வேகமும் அதிகம். மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் நாட்களும் உண்டு. இதை முதலில் முறையாக அளந்தவர் ஜப்பானிய வானிலை அறிஞர் வசாபுரோ ஓய்ஷி. 1920களில் பலூன்களை விட்டு அளந்தார். ஜப்பானுக்கு மேலே குளிர்காலத்தில் அடிக்கும் இந்தக் காற்று உலகிலேயே மிக வலுவானவற்றில் ஒன்று. சிங்கப்பூரிலிருந்து போகும் விமானம் ஜப்பான் பக்கம் ஏறிப் போவது அதனால்தான்.

காற்றின் பலம் என்ன என்று காட்ட ஒரு நிகழ்ச்சி. 2020 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. தரையைப் பொறுத்த வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. விமானம் ஒலியின் வேகத்தை மீறவில்லை. தன்னைச் சுற்றியிருந்த காற்றுக்குள் வழக்கமான வேகத்தில்தான் பறந்தது. அந்தக் காற்றே சேர்ந்து ஓடியது.

பூமி சுழல்வதால்தானே கிழக்கே போக நேரம் குறைகிறது?

இல்லை. இது மிகவும் பரவலான தவறான எண்ணம், பள்ளிக்கூடங்களில்கூடச் சொல்கிறார்கள். பூமி சுழலும்போது அதன் காற்று மண்டலமும் சேர்ந்தே சுழல்கிறது. விமானம் அந்தக் காற்றுக்குள் பறக்கிறது. ஓடும் ரயில் பெட்டிக்குள் நடக்கிறவர் எஞ்சின் பக்கம் நடந்தாலும் கார்டு பக்கம் நடந்தாலும் பெட்டியைக் கடக்க ஒரே நேரம்தான் ஆகும் இல்லையா, அது போல. சுழற்சி மட்டுமே காரணம் என்றால், மேலே எழும்பி நின்ற ஹெலிகாப்டருக்குக் கீழே ஊர்கள் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை.

ஒரு திருத்தம் மட்டும் சொல்ல வேண்டும். ஜெட் ஸ்ட்ரீம் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுவதற்குப் பூமியின் சுழற்சியும் ஒரு காரணம். நிலநடுக்கோட்டிலிருந்து துருவம் நோக்கி நகரும் காற்றை அந்தச் சுழற்சி கிழக்கே திருப்பிவிடுகிறது. எனவே சுழற்சிக்குப் பங்கு உண்டு, ஆனால் அது காற்றின் வழியாக வருகிறது.

சரி, மொத்தம் எத்தனை மணி நேரம்?

அட்டவணைப்படி, இரு பக்கமும் பதினெட்டரை மணி முதல் பத்தொன்பது மணி நேரத்தை ஒட்டி. பருவத்துக்குப் பருவம் மாறும். டிக்கெட் வாங்கும்போது காட்டும் நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அட்டவணை நேரமும் வானில் இருக்கும் நேரமும் ஒன்றுதானா?

இல்லை. விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்கிய நிமிடம் முதல் இறங்கும் ஊரில் நிறுத்துமிடத்தில் வந்து நிற்கும் நிமிடம் வரை எண்ணுவது அட்டவணை நேரம். ஓடுபாதை வரை உருண்டு போவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் அடங்கும். ஜே.எஃப்.கே. போன்ற நெரிசலான இடத்தில் மாலை நேரத்தில் இதற்கே அரை மணி நேரம் போய்விடலாம். கூடவே, தாமதத்தைச் சமாளிக்க விமான நிறுவனங்கள் கொஞ்சம் நேரத்தைச் சேர்த்தே போடுகின்றன. "முன்கூட்டியே வந்துவிட்டோம்" என்று அறிவிப்பு வருவது பாதி நேரம் இதனால்தான்.

திரும்பி வரும்போது எதிர்க்காற்றுதானே? அப்போது ஏன் மிக அதிக நேரம் ஆவதில்லை?

இதுதான் இந்தத் தடத்தின் அழகு. ஊர்கள் பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால், கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் தூரம் ஏறக்குறைய ஒன்றே. நியூயார்க்கிலிருந்து கிளம்பும் விமானம் அட்லாண்டிக், ஐரோப்பா, மேற்கு ஆசியா, வங்காள விரிகுடா என்று கிழக்கு நோக்கியே வரலாம். போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு. அப்படிப் போய்த் திரும்பியவர் பூமியை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டார். காற்று வேறு மாதிரி இருக்கும் நாட்களில் வடக்கே ஏறியும் பசிபிக் வழியாகவும் திரும்புவது உண்டு. ஒவ்வொரு பயணத்துக்கும் சில மணி நேரம் முன்பு, அன்றைய காற்று முன்கணிப்பை வைத்துப் பல பாதைகளை ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

சென்னை – லண்டன் போன்ற தடங்களில் இந்த வசதி இல்லை. அங்கே மேற்கே போகும்போது நேரம் கூடும், திரும்பும்போது குறையும். அவ்வளவுதான்.

வான்பரப்பு மூடப்படுவதால் நேரம் கூடுமா?

நன்றாகவே கூடும். விமானம் எந்த நாட்டின் மேல் பறந்தாலும் அந்த நாட்டின் அனுமதி வேண்டும், கட்டணமும் உண்டு. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யா தன் வான்பரப்பை ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடியது. பின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனத்துக்கு ஹெல்சிங்கி – டோக்கியோ பயணம் ஒன்பது மணி நேரத்திலிருந்து பதின்மூன்று மணி நேரமாக ஏறியது. ஊர்கள் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன, தூரமும் மாறவில்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்குத் தன் வான்பரப்பை மூடியபோது, தில்லியிலிருந்து மேற்கே போகும் பயணங்கள் நீண்டன. டிக்கெட் விலை உயர்வும் வழியில் எரிபொருள் நிரப்ப இறங்குவதும் இதைப் பின்தொடர்ந்து வந்தன.

சிங்கப்பூர் – நியூயார்க் குறுகிய பாதை சைபீரியாவின் குறுக்கே போகிறது என்பதை மேலே பார்த்தோம். அது காகிதத்தில் மட்டும் குறுகிய பாதையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

துருவம், பெருங்கடல் மேலே பறப்பது ஆபத்தா? இரண்டு எஞ்சின் விமானம்தானே?

ஆபத்தில்லை. ஆனால் விதிகள் கடுமை. இரண்டு எஞ்சின் விமானம் எந்த இடத்தில் இருந்தாலும், ஒரு எஞ்சின் நின்றுபோனால் மற்றொன்றை வைத்துக் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒரு விமான நிலையத்தை அடைய முடிய வேண்டும். ஏ350க்கு ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு 2014இல் 370 நிமிடம் வரை அனுமதி கொடுத்தது. ஆறு மணி நேரத்துக்கும் மேல். பூமியின் மேல் அந்த எல்லைக்கு வெளியே இருக்கும் இடம் மிகமிகக் குறைவு.

துருவத்தில் வேறு சிக்கல் உண்டு. வெளிக் குளிரில் எரிபொருள் உறையத் தொடங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜெட் ஏ1 என்ற எரிபொருளின் உறைநிலை மைனஸ் 47 பாகை செல்சியஸ். வெளியே அதைவிடக் குளிராக இருப்பது சாதாரணம். எரிபொருளின் வெப்பநிலை இறங்கினால் விமானிகள் உயரத்தைக் குறைப்பார்கள் அல்லது வேகத்தைக் கூட்டுவார்கள். அவசரத்துக்கு ஆர்க்டிக்கில் இறங்கினால், முந்நூறு பேரை அந்தக் குளிரில் வைத்துக் காப்பாற்றும் ஏற்பாடும் முன்கூட்டியே இருக்க வேண்டும்.

திபெத் பீடபூமியின் மேலே விமானங்கள் குறைவாகப் பறப்பதற்கும் பாதுகாப்பே காரணம். விமானத்துக்குள் காற்றழுத்தம் போனால் உடனே 10,000 அடிக்கு இறங்க வேண்டும். அங்கே தரையே அதைவிட உயரம்.

ஒரே மூச்சில் இவ்வளவு தூரம் போக எவ்வளவு எரிபொருள் வேண்டும்?

இந்தத் தடத்துக்காக ஏர்பஸ் ஏ350-900 யூ.எல்.ஆர். (மிக நீண்ட தூரம் பறப்பதற்கானது) என்ற ரகத்தைச் செய்தது. சாதாரண ஏ350-900 விமானத்தில் 1,41,000 லிட்டர் பிடிக்கும். இதில் 1,65,000 லிட்டர். எடையில் 130 டன் அளவு. விமானத்தின் அதிகபட்சப் புறப்பாட்டு எடை 280 டன். டாங்கி நிறைந்தால் மொத்த எடையில் ஏறக்குறைய பாதி எரிபொருள்தான்.

இங்கேதான் நீண்ட பயணத்தின் அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. பதினெட்டாவது மணி நேரத்தில் எரிக்க வேண்டிய எண்ணெயை முதல் பதினேழு மணி நேரமும் சுமந்துகொண்டு பறக்க வேண்டும். அந்தச் சுமையைத் தூக்குவதற்கே இன்னும் எண்ணெய் வேண்டும். தூரம் கூடக் கூட இந்தச் செலவு வேகமாக ஏறுகிறது. அதனால்தான் விமானம் தொடக்கத்தில் தாழ்வாகப் பறந்து, எடை குறையக் குறையப் படிப்படியாக உயரே ஏறுகிறது.

அதனால்தான் ஆட்களும் குறைவு. யூ.எல்.ஆர். விமானத்தில் 161 இருக்கைகள் மட்டுமே: 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. முன்பக்கச் சரக்கறையையும் பயன்படுத்துவதில்லை.

இந்தச் சேவை எப்போது தொடங்கியது?

முதல் முறை 2004 ஜூனில், நியூவார்க்குக்கு. ஏர்பஸ் ஏ340-500 என்ற நான்கு எஞ்சின் விமானம், 181 இருக்கைகள். 2008இல் அதை நூறு பிசினஸ் இருக்கைகளாக மாற்றினார்கள். அப்படியும் எரிபொருள் செலவு தாங்கவில்லை, 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். நான்கு எஞ்சின் வேலையை இரண்டு எஞ்சின் செய்யும் காலம் வந்தபின், 2018 அக்டோபர் 11 அன்று மீண்டும் தொடங்கியது. அந்த முதல் பயணம் 17 மணி 52 நிமிடம் எடுத்தது. ஜே.எஃப்.கே. சேவை 2020 நவம்பரில், கொரோனா காலத்தில் தொடங்கியது. பயணிகள் குறைவாகவும் சரக்கு அதிகமாகவும் இருந்த நேரம் அது.

விமானிகள் பதினெட்டு மணி நேரமும் விழித்திருப்பார்களா?

நான்கு பேர் போகிறார்கள். இரண்டிரண்டு பேராக முறை வைத்து ஓட்டுவார்கள், மற்றவர்கள் படுக்கை வசதியுள்ள தனி அறையில் தூங்குவார்கள்.

நேர வித்தியாசம் எவ்வளவு? எந்தத் தேதியில் போய் இறங்குவேன்?

சிங்கப்பூர் நியூயார்க்கைவிடக் கோடையில் 12 மணி நேரம், குளிர்காலத்தில் 13 மணி நேரம் முன்னால் இருக்கிறது. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்தள்ளுவார்கள். சிங்கப்பூரில் அந்த வழக்கம் இல்லை.

கோடையில் சிங்கப்பூரில் நள்ளிரவு 12 மணிக்கு, அதாவது 10ஆம் தேதி பிறக்கும் நேரத்தில், கிளம்புகிறீர்கள் என்று வையுங்கள். அப்போது நியூயார்க்கில் 9ஆம் தேதி நண்பகல். பதினெட்டரை மணி நேரம் கழித்து இறங்கும்போது அங்கே 10ஆம் தேதி காலை 6.30. அதே தேதி. கிட்டத்தட்ட ஒரு பகல் முழுக்க வானில் கழிந்தும் நாட்காட்டியில் அது தெரியாது.

திரும்பும்போது நேர்மாறு. 20ஆம் தேதி இரவு 10.30க்கு நியூயார்க்கில் ஏறினால், சிங்கப்பூரில் அப்போது 21ஆம் தேதி காலை 10.30. பதினெட்டே முக்கால் மணி நேரம் கழித்து இறங்குவது 22ஆம் தேதி விடியற்காலை 5.15. டிக்கெட்டில் இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் +2 என்று சின்னதாகப் போட்டிருப்பார்கள். அதைக் கவனியுங்கள். திருமணம், தேர்வு, இணைப்பு விமானம் என்று ஏதாவது இருந்தால் இந்த இரண்டு நாள் கணக்குதான் ஆளைக் கவிழ்க்கும்.

சென்னையிலிருந்து நியூயார்க் போக சிங்கப்பூர் வழி நல்லதா?

தூரத்தைப் பார்த்தால் நல்லதில்லை. சென்னைக்கும் ஜே.எஃப்.கே.க்கும் குறுகிய தூரம் சுமார் 13,480 கிலோமீட்டர். சென்னையிலிருந்து சிங்கப்பூர் 2,900, அங்கிருந்து 15,350. மொத்தம் 18,250. முதலில் எதிர்த்திசையில் நாலு மணி நேரம் போய்விட்டு, பிறகு உலகின் மிக நீளமான பயணத்தில் ஏறுவதாக ஆகிறது. துபாய் வழியாகப் போனால் 2,930ம் 11,000மும் சேர்த்து 13,930தான். குறுகிய பாதையைவிட 450 கிலோமீட்டர் மட்டுமே அதிகம். தோஹா, அபுதாபி, லண்டன் வழிகளும் இதே போலக் கோட்டை ஒட்டியவைதான்.

சிங்கப்பூரில் உறவினரைப் பார்த்துவிட்டுப் போவது, அல்லது நல்ல விலைக்குக் கிடைப்பது என்றால் போகலாம். வயதான பெற்றோரைத் தனியாக அனுப்புகிறீர்கள் என்றால் இந்த வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்பதே என் கருத்து.

நேரடி விமானமா, நடுவில் இறங்கும் விமானமா?

சிங்கப்பூரிலிருந்தே ஃபிராங்ஃபர்ட் வழியாக ஜே.எஃப்.கே. போகும் எஸ்.க்யூ. 26 இருக்கிறது. தூரம் 16,460 அளவு, நேரடியைவிட ஆயிரத்து நூறு கிலோமீட்டர்தான் அதிகம். ஆனால் மொத்த நேரம் 24 மணி நேரத்தை ஒட்டி. ஏறக்குறைய ஐந்து மணி நேரம் கூடுதல். தரையில் நிற்கும் நேரம், இருமுறை ஏறி இறங்கும் நேரம், அட்லாண்டிக்கில் எதிர்க்காற்று எல்லாம் சேர்ந்து அப்படி ஆகிறது. முதுகுவலி உள்ளவர்களுக்கும் சிறு குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் நடுவில் இறங்கி நடப்பது பெரிய உதவி. அவர்களுக்கு அந்த ஐந்து மணி நேரம் நஷ்டமில்லை.

பதினெட்டு மணி நேரம் உட்கார்ந்தே போவது உடம்புக்கு என்ன செய்யும்?

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது கால். மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்தால் காலின் ஆழ்ந்த இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு உண்டு. சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள், முன்பு இரத்தக்கட்டு வந்தவர்கள் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். மற்றவர்கள் ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள், உட்கார்ந்தபடியே கணுக்காலை மடக்கி நீட்டுங்கள். நடைபாதையோர இருக்கை கேட்டு வாங்குவது இதற்காகவே பயனுள்ளது. தினசரி மாத்திரைகளைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், எந்த ஊர் நேரப்படி சாப்பிடுவது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீரிழிவுக்காரர்களுக்கு இது மிக அவசியம்.

ஏ350 விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 அடி உயர மலையில் இருப்பது போல வைக்கப்படுகிறது. பழைய ரகங்களில் இது 8,000 அடி வரை போகும். இறங்கும்போது களைப்பு குறைவாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேறு இரண்டு ஊர்களுக்கு நேரத்தை நானே எப்படிக் கணக்கிடுவது?

குறுகிய தூரத்தைக் கண்டுபிடியுங்கள். கூகுள் வரைபடத்தில் தூரம் அளக்கும் வசதியே போதும். அதை 900ஆல் வகுங்கள், ஏறி இறங்குவதற்கும் தரையில் உருள்வதற்கும் முக்கால் மணி நேரம் சேருங்கள். மேற்கே நீண்ட தூரம் போகிறது என்றால் இன்னும் ஒரு மணி நேரம் வரை கூட்டுங்கள், கிழக்கே என்றால் கொஞ்சம் குறையுங்கள். போர் நடக்கும் பகுதியோ மூடிய வான்பரப்போ வழியில் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

இதைவிட நீளமான பயணம் வருமா?

ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் சிட்னி – லண்டன் நேரடிச் சேவைக்கு ஏ350-1000 விமானங்களை 2022இல் வாங்க ஒப்பந்தம் செய்தது. தூரம் 17,000 கிலோமீட்டர், சில நாட்களில் 22 மணி நேரம் வரை ஆகலாம். கூடுதலாக 20,000 லிட்டர் டாங்கி ஒன்று வைக்கிறார்கள். பயணிகள் எழுந்து நின்று உடம்பை அசைக்கத் தனி இடமும் ஒதுக்கியிருக்கிறார்கள்.

அதற்கு மேல் அதிக இடமில்லை. பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர், எனவே எந்த இரண்டு ஊர்களுக்கும் குறுகிய தூரம் 20,000ஐத் தாண்டாது. சிங்கப்பூருக்கு நேர் எதிர்ப்பக்கம் இருப்பது தென் அமெரிக்காவின் எக்குவடோர் நாடு. அதன் தலைநகர் கீட்டோ அந்தப் புள்ளியிலிருந்து 300 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது.

என் வீட்டார் இப்போது எங்கே பறக்கிறார்கள் என்று பார்க்க முடியுமா?

முடியும். ஃபிளைட்ரேடார்24 போன்ற தளத்தில் எஸ்.க்யூ. 24 என்ற எண்ணைத் தேடினால் போதும். விமானம் தானே ஒலிபரப்பும் இருப்பிடத்தைத் தரையில் உள்ள கருவிகள் வாங்கிக் காட்டுகின்றன. பசிபிக் நடுவே கருவிகள் இல்லாத இடத்தில் விமானம் சில மணி நேரம் திரையிலிருந்து மறையலாம், அல்லது உத்தேசமான இடத்தில் காட்டப்படலாம். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். அலாஸ்கா பக்கம் மீண்டும் தெரியும்.